எஞ்சினைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



நீங்கள் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை ஏறும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பஸ்ஸில் போகும் பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுற்றி, எண்ணிக்கை நின்றுவிடும்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், அறப்பளீசுவரர் கோயிலுக்கு என்று குடும்பத்தோடு என் காரில் புறப்பட்டேன். பதினோரு வயதான, 1000 சி.சி. பெட்ரோல் கார். 43ஆம் வளைவில் வெப்பங்காட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் 27 வளைவுதானே, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினேன். சற்று நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கிற்று. அதைப் பார்த்து மகிழ்ந்தும் போனேன். 47ஆம் வளைவில் எஞ்சின் ஒரு முறை உதறியது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்புகை வந்தது. வண்டி நின்றுவிட்டது.

முள் ஏன் இறங்கிற்று தெரியுமா? வெப்பத்தை உணரும் சிறு முனை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் மூழ்கியிருக்கும். நீரெல்லாம் ஆவியாகி வெளியேறிவிட்டால் அந்த முனை வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்க, அளவி மட்டும் குறைந்த அளவைக் காட்டும். எந்த ஓர் அளவியையும் நம்புவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருபவன் நான். "இதைத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு இன்றுவரை நான் விடை சொல்லவில்லை.

கீழே இறங்கி, தண்ணீர்ப் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பின்னால் வந்த ஜீப்பின் ஓட்டுநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மூடியில கை வெச்சுடாதீங்க. அரை மணி நேரம் ஆறட்டும்" என்றார். அவர் அன்று தடுத்தது என் முகம் வெந்துபோவதை. கணக்கு இதுதான். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 97 டிகிரி செல்சியசில் கொதிக்கும்; 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறைகிறது என்று படித்திருப்பீர்கள். ஆனால் ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், நீர் 115 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடுகிறது. அந்த 18 டிகிரி அதிக வெப்பம் நீரின் ஒரு பகுதியை நொடியில் ஆவியாக்குகிறது. ஒவ்வொரு கிலோகிராம் நீரிலும் சுமார் 34 கிராம் ஆவியாகும். இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் நீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும்! நான்கு லிட்டர் நீர் உள்ள ரேடியேட்டரிலிருந்து இருநூறு லிட்டருக்கு மேற்பட்ட நீராவி ஒரே வாய் வழியாகப் பாயும். கொதிக்கும் நீரையும் அது வாரிக்கொண்டு வரும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். வெந்நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் வெடிப்பது போலத்தான்; இங்கே சூடும் குளிரும் இடம் மாறியிருக்கின்றன.

கோயிலுக்கு நாங்கள் அந்த ஜீப்பில் போனோம். கார் கயிற்றில் கட்டப்பட்டு மலை இறங்கியது.

நாமக்கல்லில் ஒரு பெரிய பணிமனையில் காரை விட்டேன். மறுநாள் தொலைபேசியில் சொன்னார்கள்: "சார், எஞ்சின் போய்விட்டது. புது எஞ்சின் மாற்றிவிடுங்கள். கூலியோடு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும்." எஞ்சினைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். திறந்து பார்த்து வேலை செய்வதில்லை, முழு எஞ்சினாகத்தான் மாற்றுவோம் என்றார்கள். உறவினர் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: "இந்தக் காரே இரண்டு லட்சம்தான் பெறும். அதற்கு எதற்கு ஒன்றரை லட்சம்? பழைய இரும்புக்குப் போட்டுவிடு." நண்பர் ஒருவரோ, சென்னை புதுப்பேட்டையில் ஓடிய எஞ்சின் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார். மூன்று பேரும் மூன்று முடிவு சொன்னார்கள். எஞ்சின் ஏன் நின்றது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான். "எஞ்சின் போய்விட்டது" என்பது ஒரு பேச்சு வழக்கு; அதில் எந்தச் செய்தியும் இல்லை. எஞ்சினில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் எது போயிற்று, எதனால் போயிற்று, அது போனதால் மற்றவை எவ்வளவு கெட்டன என்று தெரியாமல், பழுது பார்ப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியாது. காய்ச்சல் என்று போனவனுக்கு இரத்தப் பரிசோதனை கூடச் செய்யாமல் அறுவை மருத்துவம் செய்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

முதலில் எதனால் என்பதைப் பார்ப்போம். மலை ஏறும் எஞ்சினின் பாடு என்ன என்று ஒரு சிறு கணக்குப் போடலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். காரும் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து 1200 கிலோகிராம் என்று கொள்வோம். அடிவாரத்திலிருந்து சோளக்காடு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். நிலையாற்றல் எடை பெருக்கல் உயரம் அல்லவா? 1200 × 9.8 × 1000, அதாவது சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு உதவும் வேலையாகிறது என்று வைத்துக்கொண்டால், உயர்த்துவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். மீதி முக்கால் பங்கு எங்கே போகிறது? ஒரு பெரும் பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. பயனுள்ள வேலைக்குக் குறையாத அளவு வெப்பம் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. ஆகவே மலை ஏறி முடிப்பதற்குள் 1 கோடியே 18 லட்சம் ஜூல் வெப்பத்தை அந்த நீர் வாங்கி ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால்? நான்கு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 4 × 4200 × 70, அதாவது 11 லட்சத்து 76 ஆயிரம் ஜூல் போதும். வரும் வெப்பம் அதைப்போல் பத்து மடங்கு!

சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மலைப்பாதையிலோ இரண்டாம் கியரில், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. காற்றோ மிகக் குறைவு. விசிறி ஒன்றே துணை. சமதளத்தில் வெளியே தெரியாமல் மறைந்திருந்த குறையெல்லாம் இங்கேதான் வெளிப்படும். எஞ்சின்களுக்குக் கொல்லிமலை ஒரு தேர்வுக்கூடம் என்று அந்த ஜீப் ஓட்டுநர் சொல்லாமல் சொன்னார்: ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் நின்று தண்ணீரைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் ஏறியதில்லையாம்.

என் கார் அந்தத் தேர்வில் தோற்றதற்குக் குற்றவாளி நானே. நாமக்கல் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை அறியாதவர் இல்லை. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே நீரைத்தான் கோடைதோறும் ரேடியேட்டரில் குறைந்த அளவுக்கு ஊற்றி வந்தேன். அதற்கென்று விற்கும் குளிர்விப்பு நீர்மத்தை வாங்கச் சோம்பல். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அதன் வெப்பம் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் பல அதனால் அடைபட்டே போயிருந்தன. ஆக, நோய் ரேடியேட்டரில். எஞ்சின் அதற்குப் பலியானது. இப்போது பெரிய பணிமனை கொடுத்த விலைப்பட்டியலை நினைத்துப் பாருங்கள். அதில் புது எஞ்சின் இருந்தது. புது ரேடியேட்டர் இல்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் எஞ்சினை அதே அடைபட்ட ரேடியேட்டரோடு இணைத்து மறுபடி கொல்லிமலை ஏறியிருந்தால், அதுவும் 43ஆம் வளைவில் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கும்.

காரை அங்கிருந்து எடுத்து, லாரி வேலை செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். நாமக்கல் லாரிகளுக்குப் பெயர் போன ஊர். லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகள் அங்கே ஏராளம். பக்கத்தில் சங்ககிரியும் லாரி ஊர். ஆழ்துளை போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. இந்த வட்டாரத்தில் ஓர் எஞ்சினைத் திறந்து, அளந்து, கடைந்து, மீண்டும் பூட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மெக்கானிக் சொன்னது ஒரே வாக்கியம்: "திறந்து அளந்து பாத்துட்டுத்தான் சார் சொல்ல முடியும்." அளப்பதற்கு ஐந்தாயிரம் ரூபாய் கேட்டார். என் வாழ்க்கையில் நான் செலவழித்த ஐந்தாயிரங்களில் இதைவிட நல்லது ஒன்று இருக்குமா என்பது ஐயம்.

திறப்பதற்கு முன்பே அவர் பாதி விடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்த்தார். ஆயில் பால் விட்ட காப்பியைப் போல இருந்தது. நீர் ஆயிலில் கலந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஒவ்வோர் உருளையிலும் உந்துதண்டு காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்தார். முதல் உருளையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 12 மடங்கு. நான்காவதிலும் 12. நடுவிலிருக்கும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வெறும் 5. இதைப் பார்த்து நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்? உந்துதண்டு வளையங்கள் தேய்ந்திருந்தால் நான்கு உருளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குறைந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டு மட்டும் சேர்ந்து குறைகின்றன என்றால், அவற்றுக்கிடையே உள்ள தடுப்பில் வழி ஏற்பட்டு, ஒன்றின் காற்று மற்றொன்றுக்குப் போகிறது என்பதே முதல் சந்தேகம். வாய்ப்பைச் சரிபார்க்க, உருளைக்குள் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் அளந்தார். தேய்ந்த வளையமாக இருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அழுத்தம் கூடியிருக்கும். கூடவில்லை. குற்றம் கேஸ்கட் மேல்தான் என்று உறுதியாயிற்று.

கேஸ்கட் என்பது எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு. என் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு; ஹெட் அலுமினியம். இங்கேதான் உங்கள் பாடப்புத்தகத்தின் நீள் விரிவுக் கெழு வருகிறது. அலுமினியத்துக்கு அது டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு. வார்ப்பிரும்புக்கு 11 பங்கு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெட் வழக்கத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.55 மில்லிமீட்டர் நீளும். கீழே உள்ள இரும்பு அதே சூட்டில் 0.26 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டும் போல்ட்டுகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. நீள இடமில்லாத அலுமினியம் என்ன செய்யும்? வளையும். சூடு எல்லா இடத்திலும் சமமாக இல்லாததால் கோணலாக வளையும். நடுவே அகப்பட்ட கேஸ்கட் நசுங்கி, பிறகு தளர்ந்து, வழி விட்டுவிடும்.

ஹெட்டைக் கழற்றி, நேரான எஃகுப் பட்டையை அதன்மேல் வைத்து, இடையில் ஃபில்லர் கேஜ் தகடுகளை நுழைத்துப் பார்த்தார். நடுவில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த எஞ்சினுக்கு 0.05 வரைதான் பொறுக்கலாம். ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு முடிப் பருமன் வளைந்ததற்காகத்தான் ஒரு முழு எஞ்சினைத் தூக்கி எறியச் சொன்னார்கள்!

ஆனால் வளைவதோடு நில்லாமல் ஹெட்டில் விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. அதைக் கண்டறிய அவர் செய்த சோதனையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நீர் ஓடும் துளைகளையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி, ஹெட்டை வெந்நீர்த் தொட்டியில் முக்கினார். பஞ்சர் கடையில் டியூபை முக்குவதேதான். குமிழி வரவில்லை. அந்தக் குமிழி வராத இரண்டு நிமிடம், தேர்வு முடிவு வரும் நாளைப் போல் இருந்தது எனக்கு. அடுத்து உருளைகளின் உட்சுவரை அளந்தார். பதினோரு ஆண்டுத் தேய்மானம் 0.04 மில்லிமீட்டர். 0.10 வரை கவலையில்லை. கிராங்க் தண்டின் பேரிங்குகளில் கீறல் இல்லை.

இனி முடிவு செய்யலாம். முடிவு செய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு; நிகழ்தகவுப் பாடம் உங்களுக்கு வந்திருந்தால் எளிது. பழுது பார்க்க 40 ஆயிரம் ரூபாய்: ஹெட்டைச் சமன் செய்வது, புது கேஸ்கட், புது போல்ட்டுகள், புது ரேடியேட்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து. பழுது பார்த்தது பலிக்காவிட்டால் எப்படியும் 1,40,000 கொடுத்து எஞ்சினை மாற்றத்தான் வேண்டும். பலிக்காமல் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால், எதிர்பார்க்கும் செலவு 40,000 கூட்டல் 1,40,000-இல் கால் பங்கு, அதாவது 75,000. நேரே மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். பலிக்காமல் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று என்றால்? 40,000 கூட்டல் 1,05,000, மொத்தம் 1,45,000. இப்போது நேரே மாற்றுவதே மலிவு! பாருங்கள், ரூபாய்க் கணக்கு இரண்டிலும் ஒன்றே. மாறியது வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றா, மூன்றா என்று சொல்லக்கூடியது எது? ஃபில்லர் கேஜும் வெந்நீர்த் தொட்டியும்தான். அளக்காமல் "பழுது பார்" என்பவனும் அளக்காமல் "மாற்று" என்பவனும் எனக்கு ஒன்றுதான். ஒருவன் பழைய பொருள்மீது பாசம் வைத்தவன், மற்றவன் புதுப் பொருளை விற்பவன், அவ்வளவே வேறுபாடு.

"இந்தக் காரே இரண்டு லட்சம்தான் பெறும்" என்றாரே உறவினர், அந்த வாதத்தையும் விடக்கூடாது. பலர் இதில் வழுக்கி விழுகிறார்கள். காரை விற்றால் என்ன கிடைக்கும் என்பது விற்பவனுக்குரிய கேள்வி. நான் ஓட்டப் போகிறவன். நான் கேட்க வேண்டியது, 40 ஆயிரம் செலவழித்தால் இந்தக் கார் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், அதே உழைப்பைத் தரும் வேறு காரை வாங்க எவ்வளவு ஆகும் என்பதே. சென்ற ஆண்டு டயருக்கும் பேட்டரிக்கும் கொடுத்த பணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எதைச் செய்தாலும் அது திரும்பி வராது. என் கார் இப்போது பதினோரு வயது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பத்து ஆண்டு உழைக்கக்கூடிய புது எஞ்சினை, துருப்பிடிக்கத் தொடங்கிய உடம்பில் பூட்டி நான்கு ஆண்டு ஓட்டினால், மீதி ஆறு ஆண்டு உழைப்புக்கும் பணம் கொடுத்தவனாவேன்.

புதுப்பேட்டை எஞ்சினை ஏன் வேண்டாம் என்றேன்? ஓடிய எஞ்சின் எல்லாம் கெட்டது என்பதால் அன்று. அதன் வரலாறு எனக்குத் தெரியாது. என் எஞ்சினின் குறை அளந்து தெரிந்த குறை. அதன் குறையோ பூட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும். மேலும் எஞ்சினில் பொறித்த எண் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதையும் முறைப்படி மாற்ற வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சினாக அது இருந்துவிட்டால் அப்புறம் நடக்க வேண்டியது பட்டறைக்கில்லை.

ஹெட்டைச் சமன் செய்தபோது 0.2 மில்லிமீட்டர் உலோகத்தைத் தேய்த்து எடுத்தார்கள். அதனால் எஞ்சின் சிறிது மாறிப்போகிறது என்பதையும் நீங்கள் கணக்கிடலாம். உருளையின் விட்டம் 7 சென்டிமீட்டர், குறுக்குப்பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். உந்துதண்டு தள்ளும் பருமன் 250 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் 31.25 கன சென்டிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் போனால் அதில் 0.77 குறையும், விகிதம் 9.2 ஆகும். தீங்கில்லை. ஆனால் இதையே மூன்று நான்கு முறை செய்ய முடியாது. பழுது பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு; அந்த எல்லை உலோகத்திலேயே எழுதியிருக்கிறது.

உருளைகளுக்கும் அப்படித்தான். சுவர் தேய்ந்தால் கடைந்து அகலப்படுத்துகிறார்கள். "போர் அடிப்பது" என்பார்கள் பட்டறையில். அதற்கேற்ப 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிய உந்துதண்டுகளை உற்பத்தியாளரே செய்து விற்பது பழைய வழக்கம். எஞ்சின் தேயும், அதைச் சரிசெய்வார்கள் என்று வடிவமைத்தவர் முன்கூட்டியே நினைத்திருக்கிறார்! இந்தக் காலத்தில் சில எஞ்சின்களில் உருளைச் சுவருக்கு மிக மெல்லிய கடினப்பூச்சு மட்டுமே தருகிறார்கள். எடை குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது; ஆனால் சாதாரண லேத் பட்டறையில் போர் அடிக்க முடியாது. அத்தகைய எஞ்சினில் சுவர் கீறிவிட்டால் மாற்றுவதே வழி. இணைப்புத் தண்டு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாலும் அப்படியே. அங்கே பிடிவாதமாகப் பழுது பார்ப்பேன் என்பவனை நான் சிக்கனக்காரன் என்று சொல்லமாட்டேன்.

ஊருக்கு ஊரும் விடை மாறும். கூலி மிக அதிகமான நாடுகளில் ஓர் எஞ்சினைத் திறந்து இரண்டு நாள் வேலை செய்வதைவிட முழுதாக மாற்றுவது மலிவாகப் போய்விடுகிறது. கியூபாவில் இதற்கு நேர்மாறு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா வணிகத் தடை விதித்த பிறகு உதிரிப் பாகங்கள் வருவது நின்றது. 1950-களின் அமெரிக்கக் கார்களை அந்நாட்டு மக்கள் பல பத்தாண்டுகள் பழுது பார்த்தே ஓட்டினார்கள். எஞ்சின் இனி தேறாது என்றானபோது சோவியத் நாட்டு எஞ்சினையோ ஜப்பானிய டீசல் எஞ்சினையோ பொருத்தினார்கள். நம் அம்பாசடர் கார்களிலும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்தவர்கள் உண்டு. வானூர்தியில் விதி வேறு. சிறிய வானூர்திகளில் உள்ள உந்துதண்டு எஞ்சின்கள் பலவற்றுக்கு 2000 மணி நேரம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்நேரம் ஆனதும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது பரிந்துரை. நடுவானில் நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏற முடியாதல்லவா?

கொல்லிமலை ஜீப் ஓட்டுநரின் நிலையும் வானூர்திக்கு அருகில் வருவதுதான். அவரைப் பிறகு ஒரு முறை சந்தித்தேன். அவருடைய எஞ்சின் இரண்டு தடவை போர் அடித்தது. மூன்றாம் முறை தேய்ந்தபோது, பட்டறையில் புதுப்பித்துத் தயாராக வைத்திருந்த எஞ்சினை வாங்கி இரண்டே நாளில் பூட்டிக்கொண்டார். பழுது பார்க்கப் பத்து நாள் ஆகும். பத்து நாள் வண்டி நின்றால் பலாப்பழமும் மிளகும் யார் இறக்குவது, வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார். எனக்குப் பத்து நாள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனால் தீர்ந்தது. இன்னொன்றும் சொன்னார், அது இன்னும் முக்கியம். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் கட்டையாகிவிடும். பெட்ரோல் எஞ்சினில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடம் எஞ்சின் ஓடுவதால் கிடைப்பது. டீசலில் அதற்கென்று ஒரு பம்பை எஞ்சின் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிக்கு மேல் அந்த உதவி இராது. பிறகு முழு உடல் பலத்தோடு மிதிக்க வேண்டும். பத்துப் பயணிகளோடு 70 வளைவு இறங்குபவருக்கு "நான்கில் ஒன்று பலிக்காது" என்ற கணக்கு உதவாது. ஆகவே என் முடிவு எனக்குச் சரி, அவர் முடிவு அவருக்குச் சரி. இருவரும் அளந்த பின்பே முடிவு செய்தோம்.

அரசும் இதில் இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று எனக்குத் தோன்றும். 2021-இல் பழைய வண்டிகளைக் கழித்து உடைப்பதற்கான கொள்கை தொடங்கப்பட்டது. 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை மத்திய அரசின் நுகர்வோர் துறை தொடங்கியது; அதில் மோட்டார் வாகனங்களும் அடங்கும். இரண்டும் வேண்டியவைதான். புகை கக்கும் வண்டியைப் பாசத்துக்காக ஓட்டக் கூடாது. ஆனால் திறந்து பார்த்தால் 40 ஆயிரத்தில் தீரும் குறைக்கு முழு எஞ்சினை உருக்குலைக்கு அனுப்புவதும் சரியில்லை. பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும் என்பது உண்மையே. ஆனாலும் வளைந்த ஹெட்டில் 0.2 மில்லிமீட்டரைச் சீவுவதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டால் அதுவும் அதிகம்தான்.

நீங்கள் வளர்ந்து ஓட்டப் போவது மின்சாரக் காராக இருக்கலாம். அதில் கேஸ்கட்டும் இல்லை, ரேடியேட்டர் கொதித்து ஊதுவதும் இல்லை. ஆனால் மின்கலத் தொகுப்பு இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான கலங்களில் சில மட்டும் பழுதாகும்போது, "பேட்டரி போய்விட்டது, முழுதாக மாற்றிவிடுங்கள்" என்று உங்களுக்கும் ஒரு தொலைபேசி வரும். எந்தக் கலம் என்று கேளுங்கள்.

என் காருக்கு 38,600 ரூபாய் ஆயிற்று. இந்தத் தைப்பொங்கல் விடுமுறையில் மறுபடி கொல்லிமலை ஏறினேன். 43ஆம் வளைவில் முள் பாதியில் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், சாலையைப் பார்த்து ஓட்டும்படி பின்னாலிருந்து குரல் வந்தது. கழற்றிய கேஸ்கட்டையும், வெள்ளைப் படிவு அடைத்த ரேடியேட்டர் குழாயை நீளவாக்கில் அறுத்த துண்டு ஒன்றையும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டாவது உருளைக்கும் மூன்றாவதற்கும் நடுவே கேஸ்கட் கருகிய இடம், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும்.